ஊக்கில் தொங்கிய சாவி

பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தவரிடம் எனக்குப் பேசத் தெரியவில்லை. கல்யாணமாகி இருபதாம் நாள் சண்டைக்குப் போனவர். மூன்று வருஷம் கழித்துத் தென்காசி ஸ்டேஷனில் இறங்கியபோது கறுத்து, மெலிந்து, யாரோ ஒருவராக இருந்தார். அவருக்கும் நான் யாரோ ஒருத்தியாகத்தான் தெரிந்திருப்பேன். ஒரே வீட்டில் இரண்டு விருந்தாளிகள் மாதிரி நடந்துகொண்டோம்.

வந்த இரண்டாம் மாதம் செங்கோட்டைக்கு மேலே ஓர் எஸ்டேட் துரை தன் சீமைக்கே கிளம்பினார். அவரிடமிருந்து பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை இவர் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பட்டாளத்தில் கடிதப் பையோடு மோட்டார் சைக்கிள் ஓட்டியவராம். முன் விளக்கின் உச்சியில் ஒரு சின்னத் துவாரம். அதில் சாவியைப் போட்டுத் திருப்பி உதைத்தால்தான் வண்டி உயிர் பெறும். துரை கொடுத்தது ஒரே ஒரு சாவி. ஒரு வாரத்துக்குள் அதை இரண்டு தடவை தொலைத்தார். முதல் தடவை பண்பொழி வயல் வரப்பில் கிடைத்தது. அடுத்த தடவை சட்டைப்பையோடு வண்ணான் வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது. மறுநாள் அடுப்படிக்கு வந்து என் கையில் அதை வைத்தார்.

“இத நீ வச்சிக்கோ. காலைல வந்து வாங்கிக்கிடுதேன்.”

அதுவரை அவர் என்னிடம் பேசியதில் அதுதான் நீளமான பேச்சு. நான் தாலிச் சங்கிலியில் கிடந்த ஊக்கில் சாவியைக் கோத்துக்கொண்டேன். “ஏட்டி, தாலியில தொங்கவிடுத சாமானா அது?” என்று அவரைப் பெற்ற அத்தை முகத்தைச் சுளித்தாள். அரிசிப் பெட்டிச் சாவியை அவள் எங்கே தொங்கவிட்டிருந்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

சாரல் காலத்தில் எங்கள் வீட்டில் தீப்பெட்டி முதல் தலையணை வரை எல்லாம் நமுத்துப்போகும். சாவி துருப்பிடிக்காமல் இருக்கத் தினமும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பேன். காலையில் அவர் வந்து கையை நீட்டி, “சாவி” என்பார். ஊக்கைக் கழற்றிக் கொடுப்பேன். சாயங்காலம் மலைப்பக்கம் மேகம் இறங்கி, தெரு பாதி மறைந்திருக்கும் வேளையில் வண்டிச் சத்தம் முதலில் வரும், ஆள் பிறகு வருவார். அந்தச் சத்தம் கேட்கும்வரை நான் எந்த வேலை செய்தாலும் பாதிக் கனவில்தான் செய்தேன். உப்பு இரண்டு தடவை விழுந்த குழம்புகள் எத்தனையோ.

ஆடி மாதம் ஒரு கடிதம் வந்தது. பட்டாளத்தில் மறுபடி சேர விருப்பமுள்ளவர்கள் திங்கட்கிழமை பாளையங்கோட்டைக்கு வரவேண்டும். அத்தை அழுதாள். அவர் போவதாகவும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நான் வாயே திறக்கவில்லை. ரோஷம் என்று அப்போது நினைத்தேன். உண்மையில் பயம். கேட்டால் போகிறேன் என்று சொல்லிவிடுவார்.

சனிக்கிழமை சுரண்டையிலிருந்து வந்த சொந்தக்காரப் பெண்களோடு ஜட்கா பிடித்துக் குற்றாலம் போனோம். தலை நிறைய எண்ணெய். பேரருவியில் பெண்கள் பக்கம் தலையைக் கொடுத்தேன். அந்தத் தண்ணீருக்கடியில் நின்றால் உலகத்தில் வேறு சத்தமே கிடையாது. கண்ணைத் திறந்தால் வெள்ளை, மூடினால் பச்சை. நான் எந்த வீட்டுப் பெண், யாருக்காகக் காத்திருக்கிறேன் என்பதெல்லாம் கரைந்துபோனது. நெஞ்சில் ஏதோ குத்தியது. தடவிப் பார்த்தேன். ஊக்கு திறந்திருந்தது. சாவி அதன் நுனியில் ஆடிக்கொண்டிருந்தது.

மூடியிருக்கலாம். இரண்டு விரல் போதும். நான் கையை எடுத்துவிட்டு, அருவிக்குள் இன்னும் ஓரடி நகர்ந்து நின்றேன்.

கரையேறியதும் எல்லோரும் என் தாலி பத்திரமா என்று பார்த்தார்கள். சாவி போனது பெரிய விஷயமாக யாருக்கும் படவில்லை. அவரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். போனால் போகட்டும் என்றார். திங்கட்கிழமை காலை, சாவி இல்லாமல் எப்படிப் போக என்று அத்தையிடம் சொல்லிவிட்டு வேப்பங்குச்சியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனார். அத்தை பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட்டாள். பாளையங்கோட்டைக்குப் போக ரயில் இருந்தது, பஸ்ஸும் இருந்தது. எனக்கு அது ஞாபகம் வந்தது. மூச்சு விடவில்லை.

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் மூன்று நாளும் சோறு இறங்கவில்லை. மூலையில் சாக்கு மூடி நின்ற வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் ஒருவருடைய காலைக் கட்டிப்போட்டவள் நான் என்று குறுகுறுத்தது. காலையில் அவர் அடுப்படிக்கு வரவும் இல்லை; கேட்பதற்குத்தான் சாவி இல்லையே. வியாழக்கிழமை பொறுக்க முடியவில்லை. முற்றத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

“ஊக்கு தொறந்து கெடந்தது எனக்குத் தெரியும். நான்தான் மூடல.”

அவர் எழுந்து வந்தார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். என் கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவினார். சாக்கை விலக்கி, விளக்கின் துவாரத்தில் அதைச் செருகித் திருப்பினார். ஒரே உதை. வண்டி உறுமிக்கொண்டு நின்றது.

துரையின் வண்டி ஆணிக்கும் ஓடும், ஊசிக்கும் ஓடும் என்பது வாங்கின நாளிலிருந்தே அவருக்குத் தெரியுமாம்.

“பின்ன என்னத்துக்குத் தெனமும் எங்கிட்ட சாவி கேட்டிய?”

வண்டியை நிறுத்தினார். சாரல் மறுபடி தூற ஆரம்பித்திருந்தது. ஊசியை வேட்டியில் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“வேற என்னத்தக் கேக்கன்னு தெரியல.”

நான் அங்கேயே நின்று அழுதேன். அத்தை பார்த்துவிட்டு, என்னவென்று புரியாமல் உள்ளே போய்விட்டாள்.

அன்று மத்தியானம் கோயில் மொட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் பூட்டு ரிப்பேர் செய்பவரிடம் வண்டியை உருட்டிக்கொண்டு போய், துவாரத்துக்கு அளவெடுத்துப் புதுச் சாவி ஒன்று ராவி வாங்கி வந்தார். பித்தளைச் சாவி. சூடு ஆறியிருக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. அவர் உள்ளங்கைச் சூடாகவும் இருக்கலாம். நான் எண்ணெய் தொட்டுத் துடைத்து, ஊக்கில் கோத்து, இந்தத் தடவை அழுத்தி மூடினேன்.

மறுநாள் காலை அடுப்படிக்கு வந்து கையை நீட்டினார்.

“சாவி.”