ஓடைக்கரையில் ஒரு வாட்சர்

தொண்ணூறுகளின் தொடக்கம். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். ராஜபாளையம் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தைப் பார்த்துவிட்டு அய்யனார் கோவில் காட்டுக்குள் நடந்தோம். கால் வலித்ததால் நான் ஓடைக்கரையில் உட்கார்ந்துவிட்டேன். கணவர் மட்டும் ஓடையைக் கடந்து அருவி பார்க்கப் போனார்.

கொஞ்ச நேரத்தில் அக்கரையிலிருந்து வனத்துறை வாட்சர் ஒருவர் வந்தார். ஒல்லியான மனிதர், வெளுத்த காக்கிச் சட்டை. அடிக்கடி குனிந்து ஓடைத் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி உற்றுப் பார்த்தார். ஒருமுறை அள்ளியவர் சட்டென்று நிமிர்ந்தார்.

“தண்ணி கலங்குது. மேல மழை. மேட்டுக்கு ஏறுங்க தாயி!”

நாங்கள் மேட்டில் ஏறியதுமே வெள்ளம் செந்நிறமாகப் பாய்ந்தது.

“எங்க வீட்டுக்காரர் அந்தப் பக்கம் இருக்காக!” என்று கத்திக்கொண்டு இறங்கப் போனேன். வாட்சர் கையிலிருந்த கம்பைக் குறுக்கே நீட்டித் தடுத்தார்.

“அவியள்ட்ட முன்னாடியே சொல்லித்தான் விட்டேன். தண்ணி வந்தா பாறை மேல ஏறிக்கிடுவாக. செத்த நேரம் பொறுங்க.”

அதை நம்பி உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து வெள்ளம் வடிந்ததும், அவரே போய்க் கணவரை அழைத்துவந்தார்.

“நல்லவேளை, இவுக உங்ககிட்ட சொல்லி வச்சிருந்தாக” என்றேன்.

கணவர் விழித்தார். “இவரை இப்பத்தான பாக்கேன்?”

“வேற என்ன சொன்னா நீங்க கரையில நிப்பீக, தாயி?” என்றார் வாட்சர்.

என் கணவர் என்ன ஆனார் என்று அந்த இரண்டு மணி நேரமும் என்னைப் போலவே அவருக்கும் தெரியாது. அவர் முகத்தில் மட்டும் அது தெரியவே இல்லை.