கண்ணாடி பிடிக்க ஓர் ஆள்

செத்தவீட்டுக்குள் நுழைந்ததும் இராசநாயகம் முதலில் தேடுவது பிரேதத்தை அல்ல. கக்கூசு எந்தப் பக்கம், பந்தலிலிருந்து எவ்வளவு தூரம், கதவுக்கு உள்கொளுக்கி இருக்கிறதா என்பவற்றைத்தான். துக்கம் விசாரிக்கும் முகத்தோடு வீட்டை ஒருமுறை சுற்றி வருவார். "பாவம், நல்ல மனிசன். கிணத்தடியாலை போனால் பின்னுக்கோ?" என்று இறந்தவரின் மகனிடம் ஒரே மூச்சில் கேட்பார். மனிதர் துயரம் தாங்காமல் தனிமை தேடுகிறார் என்று நினைத்து மகனும் வழிகாட்டுவான். அச்சுவேலிப் பக்கத்தில் எந்த வீட்டில் எத்தனை வாக்கு என்று கிராம சேவகருக்குத் தெரியும். எந்த வீட்டுக் கக்கூசில் வாளி ஓட்டை என்று இராசநாயகத்துக்குத் தெரியும்.

கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து இளைப்பாறியவர். இப்போது மரண சகாய சங்கத்தின் தலைவர். அதைவிட முக்கியமாக, ஊரின் நிரந்தர இரங்கலுரையாளர். பிரேதம் எடுக்க முன்னர் ஒலிவாங்கியைப் பிடித்து நாலு வார்த்தை பேசுவது எங்கள் பக்கத்து வழக்கம். நாலு வார்த்தை என்பது மற்றவர்களுக்கு. இராசநாயகம், இறந்தவரின் பூட்டனார் எந்த ஊரிலிருந்து வந்து எந்தக் காணியில் கொட்டில் போட்டார் என்பதில் தொடங்குவார். பூட்டனாரை விட்டுப் பாட்டனாருக்கு வர அரை மணித்தியாலம் பிடிக்கும். இறந்தவரின் பெயர் உரையில் முதன்முதலாக வரும்போது சனத்தில் பாதி வேலியோரப் பூவரச நிழலுக்குப் போயிருக்கும். "ஒருத்தரை அனுப்புறதெண்டால் ஒழுங்கா அனுப்பவேணும்" என்பது அவருடைய கொள்கை. "சுருக்கமாச் சொல்லி முடிக்கிறன்" என்பது அவருடைய மிரட்டல். அதைக் கேட்டதும் குருக்கள் கையில் எடுத்த மணியைத் திரும்பவும் கீழே வைப்பார்.

மூன்று வருடங்களுக்கு முன் அவருக்குப் புரொஸ்ரேற்றில் புற்றுநோய் கண்டது. கதிர் அடித்துக் குணப்படுத்தினார்கள். ஆனால் அந்தக் கதிரின் சூட்டில், மூத்திரம் தங்கும் சலப்பையின் உட்பக்கம் புண்ணாகிவிட்டது. சலம் போனால் எரிந்தது. போகாவிட்டால் அதைவிட எரிந்தது. இருபது நிமிடத்துக்கு மேல் அடக்க முடியவில்லை. பூட்டனாருக்கே அரை மணித்தியாலம் வேண்டியவருக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஊர் மிகவும் கவலைப்பட்டது. அப்பிளும் தோடம்பழமுமாக வந்து பார்த்துவிட்டுப் போனது. அதேவேளை, பிரேதங்கள் நேரத்துக்குச் சுடலைக்குப் போகத் தொடங்கியதையும் ஊர் கவனிக்காமல் இருக்கவில்லை. இராசநாயகம் பூட்டனாரைக் குடியேற்றிய கையோடு ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டுக் கிணற்றடிப் பக்கம் ஓடிவிடுவார். இளைப்பாறிய தபாலதிபர் கேதீஸ்வரன் அதை வாங்கி, எழுதிக்கொண்டு வந்ததைப் பார்த்து ஐந்து நிமிடம் வாசிப்பார். எல்லோரும் வெயில் ஏற முன்னர் வீட்டுக்குப் போய்ச் சேர்வார்கள். "பேப்பரைப் பாத்து அழுறவன்" என்று இராசநாயகம் அவரைப் பற்றிச் சொல்வார். கேதீஸ்வரனுக்குத் தினமும் புகழ் கூடிக்கொண்டு போனது.

ஆஸ்பத்திரியில் வைத்தியம் ஒன்று இருந்தது. வாரம் ஒருமுறை மெல்லிய குழாயைச் சலப்பைக்குள் விட்டு, ஊசிக்குழலால் மருந்தைச் செலுத்தி, குழாயை இழுத்துவிட்டு, அரை மணித்தியாலம் மருந்தை உள்ளே வைத்திருக்க வேண்டும். மருந்து விட்டால் சில நாட்களுக்கு மனிதர் மனிதராக இருப்பார். ஆனால் யாழ்ப்பாணம் போக ஓட்டோ பிடிக்க வேண்டும். அந்த ஓட்டோ ஒவ்வொரு பற்றைக்கும் நிற்க வேண்டும். கடைசியில் டொக்டர், "ஐயா, உதை நீங்களே வீட்டிலை செய்யப் பழகலாம்" என்றார். இராசநாயகம் தயங்கவே இல்லை. பக்கத்தில் நின்ற மனைவியைக் கையால் காட்டி, "அதுக்கென்ன, இவவுக்குக் காட்டிக் குடுங்கோ" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதில் அதிசயம் இல்லை. தன் கையால் ஒரு தேத்தண்ணி ஊற்றிக் குடித்தறியாதவர். குளித்துவிட்டுக் கையை நீட்டினால் துவாய் வர வேண்டும். சாப்பிட்டுவிட்டுக் கையை நீட்டினால் செம்போடு பாலேஸ்வரி வர வேண்டும். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அந்தக் கைகள் நீட்டுவதற்கும் ஒலிவாங்கி பிடிப்பதற்கும் மட்டுமே பயன்பட்டு வந்தன.

"நான் மாட்டன்" என்றாள் பாலேஸ்வரி. டொக்டரைப் பார்த்துத்தான் சொன்னாள். "தை மாசம் நான் மகளிட்டைப் போறன், டொக்டர். இவர்தான் பழகவேணும்."

மகள் உதயகலா ரொறன்ரோவில் இருக்கிறாள். ஒன்பது வருடம் காத்திருந்து இப்போதுதான் வயிற்றில் பிள்ளை. புருசனுக்கு இரவு வேலை; கூட நிற்க வேறு சனம் இல்லை. தாய்க்கு விசா கிடைத்துவிட்டது. பாலேஸ்வரி அலுமாரிக்கு மேலிருந்த சூட்கேசை இறக்கி, சரக்குத்தூள் இடித்துக் கட்டி, பேரப்பிள்ளைக்கு வெள்ளைச் சட்டைகள்கூடத் தைத்துவிட்டாள். போக முடியாமல் இருந்தது ஒரேயொரு சலப்பையால்தான். உதயகலாவும் தன் பங்குக்கு அங்கிருந்து ஒரு பெட்டி நிறைய மெல்லிய குழாய்களை அனுப்பியிருந்தாள். அவை அப்பாவின் சுகத்துக்காக மட்டும் வந்தவை அல்ல என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் பழக்க வந்தவன் லக்ஷன் என்ற தாதி, இளம் பொடியன். "முதல்லை சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவுங்கோ, ஐயா" என்றான். இராசநாயகம் தொட்டியடிக்குப் போய் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார். லக்ஷன் காத்திருந்தான். அவரும் காத்திருந்தார். "ஐயா, பைப்பைத் திறக்கவேணும்" என்று அவன் சொன்ன பிறகுதான் விசயம் விளங்கியது.

"உங்களை எனக்குத் தெரியும். அப்பப்பான்ரை செத்தவீட்டிலை நீங்கள்தான் கதைச்சனீங்கள்" என்றான் லக்ஷன். இராசநாயகத்தின் முகம் மலர்ந்தது. "அண்டைக்கு வெயிலுக்கை நிண்டு நான் மயங்கி விழுந்தனான்" என்று அவன் முடித்தான்.

பாடம் தொடர்ந்தது. "துடைக்கேக்கை நடுவிலையிருந்து வெளியாலை, வட்டமாத் துடையுங்கோ. ஒருக்கால் துடைச்ச பஞ்சு திரும்ப உள்ளுக்கு வரப்படாது. எறிஞ்சுபோட்டு வேறை எடுங்கோ." இராசநாயகம் இதுபற்றித் தம்முடைய கருத்தைத் தெரிவிக்கத் தொடங்கினார். "கதையாதேங்கோ ஐயா. கதைச்சால் உள்ளுக்கை தசை இறுகும், ரியூப் போகாது. மூச்சை மெல்ல விடுங்கோ." ஆக, வாய் மூடியிருந்தால் மட்டுமே நடக்கும் ஒரு காரியம் அவர் வாழ்க்கையிலும் வந்து சேர்ந்தது. இரண்டு தடவை பாதியில் இழுத்துவிட்டார். மூன்றாம் தடவை, நெற்றி வேர்க்க, கண்ணில் நீர் முட்ட, மிகவும் சின்னக் குரலில் "அம்மா" என்றார். குழாய் போய்விட்டது. அந்த நேரத்தில் அவரைப் பார்த்திருந்தால் பாவமாகத்தான் இருந்திருக்கும்.

இன்னும் ஒரு சங்கடம் இருந்தது. பாலேஸ்வரியின் சமையல் வளர்த்த வண்டி வயிறு முன்னால் நின்று மறைத்ததால், அதற்குக் கீழே நடப்பது எதுவும் அவருக்குத் தெரியவில்லை. "முன்னுக்கு ஒரு கண்ணாடி வையுங்கோ. கை பழகினாப் பிறகு அதுவும் தேவையில்லை" என்றான் லக்ஷன். வீட்டுக்கு வந்த இராசநாயகம் முதல் வசனத்தை மனைவியிடம் சொன்னார். இரண்டாவது வசனம் எப்படியோ மறந்துபோயிற்று.

அன்றுமுதல் வியாழக்கிழமைகளில், காலைத் தேத்தண்ணி முடிந்ததும் அறைக்கதவு சாத்தப்படும். கட்டிலில் அவர், முன்னால் சவரக் கண்ணாடியோடு பாலேஸ்வரி. "கொஞ்சம் பதிச்சுப் பிடியும். உப்பிடியில்லை, வெளிச்சம் விழட்டும்." ஒருநாள் அவள் கண்ணாடியைக் கதிரையில் சாத்தி வைத்துப் பார்த்தாள். வழுக்குகிறது என்றார். ஆணி அடித்துக் கொழுவவா என்று கேட்டாள். சுவர் ஓதமாம், ஆணி நிற்காதாம். "இப்ப கை பழகீட்டுதோ?" என்று வாராவாரம் அவள் கேட்பாள். "கை பழகினாலும் கண் தெரியவேணுமே? நீர் பிடிக்காட்டி இது சரிவராது" என்பது வாராவாரப் பதில்.

உதயகலா வீடியோவில் வந்து கேட்டபோது இராசநாயகம் மிகவும் பெருந்தன்மையாகப் பேசினார். "நான் அவவை மறிச்சு வைச்சிருக்கிறனோ பிள்ளை? கண்ணாடி பிடிக்க ஓர் ஆள் வேணும், அவ்வளவுதான்." "சரி அப்பா" என்று சொல்லிவிட்டு மகள் வைத்தாள். அன்று பின்னேரம் பாலேஸ்வரி சூட்கேசுக்குள் இருந்த வெள்ளைச் சட்டைகளை எடுத்து மடித்து அலுமாரிக்குள் வைத்தாள். வெறும் சூட்கேஸ் பழையபடி மேலே ஏறியது. இராசநாயகம் அன்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பத்திரிகை வாசித்தார்.

மார்கழியில் பின்வேலிக்கு அங்கால் இருந்த சைக்கிள் கடைத் தம்பிமுத்தர் மோசம் போனார். பிரேதம் எடுத்தது ஒரு வியாழக்கிழமை. விடிய முன்னமே பாலேஸ்வரி தம்பிமுத்தரின் மனைவியோடு இருக்கப் போய்விட்டாள். மருந்து விட வேண்டிய நாள் என்பது அந்த அழுகைக்குள் அவளுக்கு நினைவில் இல்லை.

இராசநாயகம் பத்து மணிபோல வந்தார். மடிப்புக் கலையாத வேட்டி, சால்வை. வந்தவர் வீட்டைச் சுற்றவில்லை. மகனிடம் கிணற்றடியை விசாரிக்கவில்லை. நேரே பந்தலுக்குள் போய் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். கேதீஸ்வரன் தமது தாளை மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். அனுபவம் உள்ளவர்கள் அப்போதே பூவரச நிழலில் இடம் பிடித்தார்கள்.

பூட்டனார் வந்தார். குடியேறினார். ஆறுதலாகக் கிணறு வெட்டினார். பாட்டனார் பிறந்து, வளர்ந்து, புகையிலை நட்டார். உண்மையைச் சொன்னால் இராசநாயகத்துக்கு நல்ல குரல். பெற்றோல் இல்லாத காலத்தில் ஊர் முழுவதையும் சைக்கிளில் ஓட வைத்தது தம்பிமுத்தரின் ஒட்டுப்போட்ட ரியூப்தான் என்று சொன்னபோது செத்தவரின் மனுசி அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். ஒரு மணித்தியாலம் தாண்டியது. "சுருக்கமாச் சொல்லி முடிக்கிறன்" என்றார். குருக்கள் மணியைக் கீழே வைத்தார்.

அப்போதுதான் அவர் பெண்கள் பக்கம் பார்த்தார். பாலேஸ்வரி விரலை மடித்து எண்ணிக்கொண்டிருந்தாள். செவ்வாய், புதன், வியாழன். அந்த விரலிலேயே நின்றாள். பிறகு கிணற்றடிப் பக்கம் பார்த்தாள். கடைசியாக அவரைப் பார்த்தாள். கண்ணாடி பிடித்த அந்த வாரங்களில்கூட அவள் அவரை அவ்வளவு நேராகப் பார்த்ததில்லை. இராசநாயகத்துக்கு நாக்குத் தடுமாறியது. தம்பிமுத்தரை அவருடைய தகப்பனின் பெயரால் அழைத்தார், திருத்தினார், திரும்பவும் பிழைத்தார். "அவ்வளவுதான்" என்று சொல்லி ஒலிவாங்கியைக் கொடுத்தார். சொன்னபடி அவர் முடித்த முதல் உரை அதுதான். நல்ல நேரம் சலப்பை வந்து கைகொடுத்தது என்று ஊர் நினைத்துக்கொண்டது.

இராசநாயகம் சுடலையால் வந்து, கிணற்றடியில் குளித்து, சாப்பிட்டு முடித்தார். கை கழுவச் செம்போடு வந்த பாலேஸ்வரி, தண்ணீரை ஊற்றாமல் நின்றாள்.

"கண்ணாடி ஆர் பிடிச்சது?"

பூட்டனார் காலத்திலிருந்து எதையும் நினைவில் வைத்திருப்பவர் வெறும் கோப்பையைப் பார்த்தார். சோற்றுக் கையோடு இருந்தார்.

"எப்ப தொடக்கம்?"

"கார்த்திகை விளக்கீட்டிலையிருந்து" என்றார். "அண்டைக்கு நீர் சந்தைக்குப் போட்டீர். எனக்குப் பொறுக்கேலாமல் போச்சு. கண்ணாடி இல்லாமலே செய்தனான். போட்டுது."

"அவள் அங்கை தனிய நிக்கிறாள்" என்றாள் பாலேஸ்வரி. அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவர் எதிர்த்துப் பேசியிருப்பார். அதில் அவருக்குப் பழக்கம் உண்டு. "நீர் போனால்…" என்று தொடங்கினார். ஊருக்கெல்லாம் பேசித் தீர்த்த மனிதருக்கு வீட்டில் கேட்பதற்கு ஒரே ஓர் ஆள்தான் இருந்தாள். அந்த ஆளும் போய்விட்டால் நாலு அறைக்குள் தன் குரலோடு தனியே இருக்க வேண்டும் என்று அவர் பயந்தார். எரிவைவிட அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. அதைச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. பாலேஸ்வரி செம்பை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள்.

இராசநாயகம் எழுந்து தொட்டியடிக்குப் போனார். பைப்பைத் திறந்து, சவுக்காரம் போட்டு, விரலிடுக்குகள் எல்லாம் தேய்த்துக் கழுவினார். அறைக்குள் கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, அலுமாரிக்கு மேலிருந்த சூட்கேசை இறக்கிக் கட்டிலில் வைத்தார். அதன்மேல் தூசு படிந்திருந்தது. பழைய வேட்டித் துண்டு ஒன்றைக் கிழித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வட்டமாகத் துடைத்தார். அந்தத் துண்டை எறிந்துவிட்டு, அடுத்த துண்டைக் கிழித்தார்.