இரண்டு மூச்சு நேரம்

நான்தான் அவரை விழவைத்தேன். வரப்பு சரியவில்லை, காற்று தள்ளவில்லை. வெள்ளித்திரையில் என் பெயர் வரவேண்டும் என்ற ஆசையில், கண் தெரியாத ஒரு மனிதரை உப்புக் கூடையோடு விழவைத்தேன்.

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு படிக்காதீர்கள்.

தேவிபட்டினத்துக்கு வடக்கே ஓர் உப்பளத்தில் நானும் சாத்தையா அண்ணனும் கூலிகள். பாத்தியில் வாரிய உப்பைத் தலையில் சுமந்து, ஒடுங்கிய வரப்பில் வரிசையாக நடந்து, மேட்டில் கொட்ட வேண்டும். சித்திரை வெயிலில் அந்த வெள்ளை வெளியைப் பார்த்துப் பார்த்தே பலருக்குக் கண் போயிற்று. கண் போனவனுக்கு மறுநாள் வேலை இல்லை. அது முதலாளியின் சட்டம்.

அண்ணனுக்கும் போய்விட்டது. அது அவர் மனைவியான மதினிக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். நான் பாட்டுக் கட்டுகிறவன். அவருக்கு முன்னால் பாடிக்கொண்டே நடப்பேன். குரல் போகும் பக்கம் அவர் கால் வரும். வரப்பு திரும்பும் இடத்தில் குரலைக் கொஞ்சம் இழுப்பேன். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. ஒரு கல் உப்புக்கூட அவர் சிந்தியதில்லை.

அப்போதுதான் பட்டணத்திலிருந்து சினிமாக்காரர்கள் வந்தார்கள். பெரிய படத்துக்கு முன்னால் காட்டுகிற சின்னப் படமாம். கூலிக்காரர்கள் பாடுவதும் ஆடுவதும் கோமாளித்தனமுமாக இருக்குமாம். எங்கள் பிழைப்பில் அப்படி என்ன வேடிக்கை என்று நான் கேட்கவில்லை. என் பாட்டை எடுத்துக்கொண்டார்களே, பிறகு எனக்கு எங்கே வாய்?

முதலாளி இலையில ஒரு கல்லு உப்பு – நம்ம
முதுகெல்லாம் பூத்தது மூட்டை உப்பு

இரண்டு நாள் எடுத்தும் டைரக்டருக்குத் திருப்தி இல்லை. "பாட்டு சரி. சிரிப்புத்தான் வரலை. நாளைக்கும் வராட்டி வேற பாட்டு வச்சுக்குவோம்" என்றார்.

அந்த நினைப்பு அப்போதுதான் எனக்குள் வந்தது... அதை நான் விரட்டவில்லை. படுக்கப் போகும்போதும் கூடவே வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காமிரா ஓடியது. வரப்பின் திருப்பத்தில் நான் பாட்டை நிறுத்தினேன். இரண்டு மூச்சு நேரம். அவ்வளவுதான்.

அண்ணன் வெறும் காற்றில் காலை வைத்தார். கூடை கவிழ, பக்கத்துப் பாத்தியில் குப்புற விழுந்தார். முகமெல்லாம் உப்போடு எழுந்து, யாருமில்லாத பக்கம் பார்த்து, "மன்னிக்கணும் சாமி" என்று கும்பிட்டார். டைரக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சாயங்காலம் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே தம்பி, உன் பாட்டைக் கெடுத்துப்புட்டேனே. கண்ணோட காதும் போயிருச்சு போல. அந்த எடத்தை வெட்டிருவாகளா? முதலாளி பாத்துட்டா என் பொழப்பு போச்சு."

"வெட்டிருவாகண்ணே. நான் சொல்லிட்டேன்."

நான் யாரிடமும் சொல்லவில்லை.

நாலு மாதம் கழித்துப் படம் எங்கள் ஊர்க் கொட்டகைக்கு வந்தது. முதலாளி முன்வரிசை நாற்காலியில் இருந்தார். வெட்டுவதாவது... அண்ணன் விழுவதைத் திருப்பித் திருப்பி மூன்று முறை காட்டினார்கள். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. முதலாளியும் சிரித்தார். மூன்றாம் முறை அண்ணன் வெறும் வெளியைக் கும்பிட்டபோது முதலாளியின் சிரிப்பு நின்றது. நாற்காலியில் முன்னால் சாய்ந்து உற்றுப் பார்த்தார். அதன்பிறகு நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெயர் திரையில் வந்ததா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை அண்ணனை உப்பள வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று முதல் அவர் கூடையை மதினி சுமந்தாள்.

ஆறு வருஷம் ஆயிற்று. போன மாதம், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்ற முடிவோடு அவர் வீட்டுக்குப் போனேன். மதினி கடுங்காப்பி கொடுத்தாள். நான் தொண்டையைச் சரிசெய்து கொள்வதற்குள் அண்ணன் பேசத் தொடங்கினார்.

"தம்பி, ரொம்ப நாளா உறுத்திக்கிட்டே இருக்கு. நான் விழுந்து உன் பாட்டைக் கெடுத்தேன். அதுக்குப் பெறகு ஒரு சினிமாக்காரனும் உன்னைக் கூப்பிடலை. உன் வாழ்க்கையை நாந்தேன் கெடுத்தேன். மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. நிம்மதியாக் கெடப்பேன்."

மதினி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிட்டேண்ணே" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. நான் மிச்சமிருந்த காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தேன்.