உள்பக்கம் திருப்பிக் கட்டிய வாட்ச்

என் கல்யாணத்துக்கு முதலில் வாங்கியது ஒரு ஆம்பளை வாட்ச். அது மாப்பிள்ளைக்கு இல்லை, எனக்கு.

என் இடது மணிக்கட்டின் உள்பக்கம், நரம்பு தெரியும் இடத்தில், ஒரு எழுத்து பச்சை குத்தியிருக்கிறது. தை மாதத்து ஆற்றுத் திருவிழாவுக்கு மணலூர்பேட்டையில் ஆற்று மணல் முழுக்கக் கடை போடுவார்கள். மெஷினில் பச்சை குத்துகிற ஒருவரும் அந்த வருஷம் குடையை நட்டு உட்கார்ந்திருந்தார். நான் அப்போது கள்ளக்குறிச்சிக்குக் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். வகுப்புக்குக் கீழே இருந்த ஜெராக்ஸ் கடையில் வேலை செய்த பையன் கல்வராயன் மலைக்காரன். திருவிழாவுக்கு என்னைப் பார்க்க வந்திருந்தான். அவன் பேரின் முதல் எழுத்தை என் கையில் குத்தினார். அடுத்தது என் எழுத்தை அவன் கையில் குத்துவதாகப் பேச்சு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவன், "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டான். கொஞ்சம் பொறுத்து, "நான் அடுத்த தடவ குத்திக்கிறேன்" என்றான்.

அடுத்த தடவை என்று ஒன்று வரவில்லை. வெயில் காலத்தில் சொந்தக்காரர்களோடு கேரளாவுக்கு மிளகுத் தோட்ட வேலைக்குப் போனான். கொஞ்ச நாள் ஜெராக்ஸ் கடைக்குப் போன் செய்தான். பிறகு அதுவும் நின்றது. அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று கடைக்காரர் ஒரு தாளை நகல் எடுத்துக்கொண்டே சொன்னார். நான் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு மாடிக்கு ஏறிப் போனேன்.

நான் துணி துவைக்கும்போது அம்மாவுக்குத் தெரிந்துபோயிற்று. அடிக்கவில்லை. கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெற்றிலைச் சுண்ணாம்பைக் குழைத்து அந்த இடத்தில் அப்பித் துணி சுற்றினாள். தோல் வெந்து, புண்ணாகி, ஆறியது. தழும்புக்கு அடியில் எழுத்து அப்படியே இருந்தது.

ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து சம்பந்தம் வந்தது. கொஞ்சம் நிலம் இருந்த வீடு. கூலிக்குப் போகிற எங்களுக்கு அது பெரிய இடம். அம்மா ஒரு நாள் நூலை எடுத்து எழுத்தின் உயரத்தை அளந்தாள்.

"வளையலு நழுவிடும். வாட்சுதான் அசையாம நிக்கும்" என்றாள்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மாடிப்படிக்கு அடியில் ஒரு வாட்ச் கடை. கடைக்காரர் பெண்கள் கட்டும் வாட்சுகளை எடுத்துப் பரப்பினார். எல்லாம் மெல்லிய வார், பொட்டு மாதிரி முகம்.

"இது வாணாங்க. அகலமா இன்னா இருக்குது?"

"பொண்ணுக்குன்னா இதாம்மா இப்ப ஓடுது."

"ஓடறது வாணாம். அகலமா குடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் கையைத் தாவணிக்குள் வைத்திருந்தேன். ஆண்கள் கட்டும் தோல் வார் வாட்ச் ஒன்றை எடுத்தார். வாட்சில் வார் மாட்டும் இரண்டு காதுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளியோ அதுதான் வாரின் அளவு, இதில் இருபது மில்லிமீட்டர், இதற்கு மேல் இந்தக் கடையில் கிடையாது என்றார். அம்மா நூலை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். நான் மேஜைக்குக் கீழே கையை வைத்துக் கட்டிப் பார்த்தேன். மறைக்கவில்லை. இருபது என்பது வாட்சின் ஓரத்தில்தான். பக்கிளுக்கு வருவதற்குள் வார் சிறுத்துவிடுகிறது. எழுத்தின் தலையும் காலும் பக்கிளுக்கு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றன.

அம்மா வாட்சைச் சுற்றி, முகத்தை உள்பக்கம் கொண்டுவந்தாள். பெரிய முகம் எழுத்தின் மேல் மூடி போட்ட மாதிரி உட்கார்ந்தது. ஆனால் தொளதொளவென்று ஆடியது. என் கைக்கு அந்த வார் ரொம்ப நீளம். கடைக்காரர் உளியை வைத்துத் தட்டி, பழைய ஓட்டைகளைத் தாண்டி வாட்சுக்குக் கிட்டே புதிதாக ஓட்டை போட்டார்.

"இன்னும் இறுக்கமா" என்றாள் அம்மா.

"ரத்தம் ஓட வாணாமாம்மா? அடியில ஒரு வெரலு நொழையணும்."

"நொழைய வாணாம்."

அவர் இன்னொரு ஓட்டை போட்டார்.

வீட்டில் அப்பா வாட்சைப் பார்த்து, "மாப்பிள்ளைக்கு எடுப்பா இருக்கும்" என்றார். பிறகு அதை என் கையில் பார்த்தபோது முகம் சுருங்கியது. மாப்பிள்ளைக்கு மோதிரம் போதும் என்று அம்மா பேச்சை முடித்துவிட்டாள். அப்பாவுக்குக் கடைசி வரை எதுவும் தெரியாது.

புகுந்த வீட்டில் நான் வாட்சைக் கழற்றவில்லை. குளிக்கும்போதும் கட்டியிருந்தேன், தூங்கும்போதும் கட்டியிருந்தேன். "ராத்திரியெல்லாம் மணி பாத்துக்கினே இருப்பியா?" என்று என் வீட்டுக்காரர் முதல் வாரத்தில் சிரித்தார். நாற்று நடும்போது என் மாமியார் வரப்பில் நின்று, "சேத்துல இன்னாத்துக்கு வாட்சு? கழட்டி வெச்சிட்டு எறங்கேன்" என்றார். பழகிப்போச்சு அத்தை என்றேன். தண்ணீர் புகுந்து வாட்ச் சீக்கிரமே நின்றுவிட்டது. யாராவது மணி கேட்டால் வெயிலைப் பார்த்து உத்தேசமாகச் சொல்வேன்.

வார்தான் பெரிய தொல்லையாக இருந்தது. சேற்றுத் தண்ணீரில் ஊறித் தோல் நாற்றமடித்தது, மடிப்பில் வெடித்தது. ரெக்ஸின் வாங்கினேன், உரிந்து கருப்புக் கருப்பாகக் கையில் ஒட்டியது. ரப்பர் அரித்தது. இரும்புச் செயின் கட்டினால் முடியைப் பிடித்து இழுத்தது, வாட்சும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. திரும்பவும் தோலுக்கே வந்தேன். திருக்கோவிலூருக்கு ஏதாவது காரியம் சொல்லிக்கொண்டு போய், தெருவோரம் பெட்டி வைத்து ரிப்பேர் செய்கிறவரிடம் மாற்றுவேன். அவர் பழைய வாரை வாட்சோடு பிடித்திருக்கும் குச்சியை நெம்பி எடுத்து, புதியதை மாட்டி, என் அளவுக்கு ஓட்டை போட்டு முடிக்கும் வரை, கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நிற்பேன். "கைய நீட்டும்மா, அளவு பாக்கணும்" என்பார். பழைய வாரின் ஓட்டையைப் பார்த்துப் போடுங்கள் என்பேன்.

முதல் பிள்ளை ஆபரேஷனில் பிறந்தது. உள்ளே கொண்டுபோகும்போது நர்ஸம்மா, "கையில ஒண்ணும் இருக்கக்கூடாது" என்று வளையலையும் வாட்சையும் கழற்றினார். நான் கையைக் குப்புற வைத்துக்கொண்டு கட்டிலில் கிடந்தேன். வலியில் வேறெதுவும் செய்ய முடியவில்லை. வெளியே என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவரிடம் எல்லாவற்றையும் கொடுத்தார்கள்.

எனக்கு நினைவு திரும்பியபோது அவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என் இடது கை போர்வைக்கு மேலே மல்லாந்து கிடந்தது. அதில் ஊசி குத்தி டியூப் விட்டிருந்தார்கள். அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "பொண்ணு" என்றார். "நல்லா இருக்கு." கொஞ்ச நேரம் கழித்து என் அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் கண்ணும் முதலில் என் கைக்குத்தான் போனது. அவர் எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து என் மணிக்கட்டின் மேல் போட்டுவிட்டு வெளியே போனார்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அம்மா வீட்டுக்கே அனுப்பிவிடுவார் என்றும் நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை. ஊசியை எடுத்த அன்று வாட்சைக் கொண்டுவந்து தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். அன்றிலிருந்து வார் வாங்குவது அவர் வேலையாயிற்று. நுனி வெடிக்க ஆரம்பித்தாலே கவனித்துவிடுவார். டவுனுக்குப் போய்வந்த மறுநாள் டிவி பெட்டியின் மேல் புது வார் இருக்கும். கருப்பு, இல்லையென்றால் பழுப்பு. அளவு சரியாக இருபது. ஓட்டையும் என் கைக்குச் சரியாகப் போட்டிருக்கும்.

மகள் படித்த பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் மெல்லிய சிவப்பு வார் போட்ட வாட்ச் கட்டியிருந்தார். எனக்கு ஆசையாக இருந்தது. அது மாதிரி ஒன்று வாங்கலாமா என்று கேட்டேன்.

"அது அகலம் கம்மி" என்றார்.

எங்களுக்குள் அந்த விஷயமாக நடந்த முதல் பேச்சு அதுதான். அது மன்னிப்பா உத்தரவா என்று எனக்குப் புரியவில்லை. இன்று வரைக்கும் புரியவில்லை.

எங்கள் கரும்பை வெட்டக் கல்வராயன் மலையிலிருந்து ஆட்கள் வருவார்கள். ஒரு வருஷம் மேஸ்திரியைப் பார்த்துப் பேச அவர் வெள்ளிமலைக்குக் கிளம்பியபோது நானும் வருகிறேன் என்றேன். மலையைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். பைக்கில் போனோம். வளைவுகளில் பின்னால் இருந்த கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். மேலே ஏறுவதற்குள் வார் வாட்சின் காதை ஒட்டிப் பிய்ந்துவிட்டது. வாட்ச் மடியில் விழுந்தது. குச்சி எங்கே தெறித்தது என்று தெரியவில்லை.

மேஸ்திரி வீட்டு வாசலில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எதற்கென்று எனக்கே தெரியாது. அவனாக யாரும் இல்லை. இருந்தாலும் இத்தனை வருஷம் கழித்து அடையாளம் தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம். அங்கே எனக்குக் கையை மறைக்கத் தோன்றவில்லை. மேஸ்திரியின் சம்சாரம் பலாச்சுளையைத் தட்டில் வைத்துக் கொடுத்தபோது, நான் நீட்டிய கையைப் பார்த்து, "இது இன்னாம்மா கையில?" என்று கேட்டார்.

"சூடு பட்டுச்சு" என்றார் என் வீட்டுக்காரர். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, எல்லோரும் பார்க்க, என் மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டார். வெளியாட்கள் முன்னால் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அந்த அம்மா, "பாவம், நல்ல மனுஷன்" என்று என்னிடம் சொன்னார்.

இறங்கி வரும்போது கோமுகி அணைக்கு முன்னால் வண்டியை நிறுத்தித் தண்ணீர் குடித்தோம். நான் கேட்டேன்:

"ஏங்க, யாருன்னு நீங்க கேக்கவே இல்லையே?"

"கேட்டு இன்னா பண்ணப்போறேன்?"

"இந்த மலைக்காரர்தான்."

அவர் பாட்டிலை மூடினார். மலைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. "ஏறு. மழ வர்ற மாதிரி கீது" என்றார். மழை வரவில்லை.

அந்த வருஷம் பேசியபடியே மலை ஆட்கள் வந்து வெட்டினார்கள். என் வீட்டுக்காரர் வயல் பக்கமே போகவில்லை, சாப்பாட்டை நான்தான் கொண்டுபோனேன். அடுத்த வருஷம் திருக்கோவிலூர் பக்கத்து ஆட்களைக் கூப்பிட்டார். மேஸ்திரி எனக்குப் போன் செய்தார். "எங்க வேல புடிக்கலீங்களா? எதுனா தப்பு நடந்துச்சுங்களா?" என்று கேட்டார். இல்லைங்க என்றேன். அந்த ஆட்களும் அவர் மனைவியும் எந்தத் தப்பும் செய்யவில்லை. நான் சொன்ன ஒரு வரியால் அவர்களுக்கு ஒரு வேலை போயிற்று. அதற்குப் பிறகு மலை ஆட்கள் எங்கள் வயலுக்கு வரவில்லை.

இந்த வருஷம் கோடையில் வாருக்கு அடியில் கொப்புளம் வந்து நீர் வடிந்தது. கள்ளக்குறிச்சியில் தோல் டாக்டரிடம் போனோம். எத்தனை வருஷமாக இதைக் கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கையைக் காற்றாட விடுங்கள், எதையும் கட்டாதீர்கள் என்றார். என் வீட்டுக்காரர், "துணியாவது சுத்திக்கலாங்களா?" என்று கேட்டார். அதுவும் வேண்டாம் என்றார் டாக்டர்.

வெறுங்கையோடு இருந்தேன். முதலில் குளிர்ந்த மாதிரி இருந்தது. தண்ணீர்க் குழாயடியில் நிற்கும்போது கை தானாக முந்தானைக்குள் போகும். பிறகு மறந்துபோனேன். புண் ஆறியதும் பார்த்தால், எழுத்து எழுத்தாக இல்லை. சுண்ணாம்புத் தழும்பும் வார் தேய்த்த கருப்பும் கொப்புளத்தின் வடுவும் சேர்ந்து, எங்கோ இடித்துக் கன்றிப்போன மாதிரி ஒரு நீலத் திட்டு. மகள் விடுமுறைக்கு வந்தவள் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, எங்க இடிச்சிக்கின?" என்றாள்.

போன வாரம் டிவி பெட்டியின் மேல் ஒரு காகிதப் பை இருந்தது. உள்ளே பழுப்புத் தோல் வார். நின்றுபோன வாட்சையும் துடைத்துப் பக்கத்தில் வைத்திருந்தார்.

"டாக்டரு வாணாம்னாரே" என்றேன்.

"புண்ணு ஆறிடுச்சே."

"இப்பதான் ஒண்ணும் தெரியலையே. எதுக்குங்க?"

"எனக்குத் தெரியுதே" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. சோர்வாகத்தான் சொன்னார். அவருக்கும் வயதாகிவிட்டது. குச்சியை வாட்சின் காதில் பொருத்தும்போது இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை நான் பிடித்துக்கொண்டேன், அவர் அழுத்தினார். கையை நீட்டினேன். புதுத் தோல் பக்கிளுக்குள் போக மாட்டேன் என்றது. எச்சில் தொட்டுத் தள்ளினார். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

நான் அரிசி களைய உட்கார்ந்தேன். புது வார் நனைந்துவிடக் கூடாது என்று இடது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையாலேயே களைந்தேன்.