இரண்டு கண்ணுக்கு ஆறு தடவை

பூதலூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து நெல் போடும் அண்ணாதுரைக்குப் பொய் சொல்ல வராது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் கேட்டால் எல்லோரும் வரம்பான பதினேழு சதவீதம் என்று சத்தியம் செய்வார்கள். இவர் மட்டும் "இருபது இருக்குங்க" என்று தானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டு, நெல்லைத் திரும்பவும் களத்தில் கொட்டிக் காயவைப்பார். அப்படிப்பட்டவர் ஐம்பத்து நான்காவது வயதில் ஒரு பொய் சொன்னார். பழகாத தொழில், முதல் போகத்திலேயே நஷ்டம்.

அவர் மனைவி செவ்வந்தி, இருபது பெண்களைத் திரட்டிக்கொண்டு போய் நடவு முடித்துக் கொடுக்கிறவள். தை மாதத்திலிருந்து கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தாள். பேச்சு இல்லை, தூக்கம் இல்லை, சாப்பாடு பேருக்குத்தான். "நான் இருந்து என்ன ஆவப்போவுது" என்று ஒருநாள் சொன்னாள். அன்றைக்கே வீட்டிலிருந்த பூச்சிமருந்தையெல்லாம் அண்ணாதுரை எடுத்துக்கொண்டுபோய் அண்ணன் வீட்டில் வைத்துப் பூட்டினார். வயலுக்குப் போனாலும் அரைமணிக்கு ஒருதரம் ஓடிவந்து பார்ப்பார். தட்டை எதிரே வைத்துக்கொண்டு, "ஒரு வாய், ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சுவார். அவள் போய்விடுவாளோ என்று அவருக்குப் பயம். வேறு எந்தப் பயமும் அந்த ஐந்து மாதத்தில் அவருக்கு இல்லை.

மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்தும் தேறவில்லை. கடைசியில் தஞ்சாவூர் மனநல டாக்டரம்மா, தலையில் கரண்ட் வைக்கும் மின்சிகிச்சை செய்யலாம் என்றார்.

"மயக்கம் குடுத்துத் தூங்க வச்சுத்தான் செய்வோம், வலி தெரியாது. சினிமாவுல காட்டுறதை மறந்துடுங்க. காலையில வந்தா மத்தியானம் வீட்டுக்குப் போயிடலாம். வாரத்துக்கு மூணு, மொதல்ல ஆறு தடவை பார்ப்போம்."

செவ்வந்தி கேட்டுக்கொண்டாள், தலையாட்டினாள், கையெழுத்துப் போட்டாள். நர்ஸ் ஒரு தாள் கொடுத்தார். முதல்நாள் தலைக்குக் குளித்திருக்க வேண்டும், தலையில் எண்ணெய் கூடாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடக் கூடாது, காலையில் தண்ணீர்கூடக் கூடாது.

தாளில் இல்லாத ஒன்று, ஊருக்கு என்ன சொல்வது என்பது. மகள் பூவிழிக்கு வரன் பார்க்கிற நேரம். மனசுக்கு வைத்தியம் என்றால் பைத்தியம் என்பார்கள். கரண்ட் வைக்கிறார்கள் என்றால் கேட்கவே வேண்டாம். கண்புரை, ஆறு தடவை போய்வர வேண்டும் என்று சொல்லிவைத்தார் அண்ணாதுரை. கண்புரை மரியாதையான வியாதி. ஆனால் ஊரில் பாதிப்பேர் அந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் என்பதை அவர் யோசிக்கவில்லை. இரண்டே நாளில் மூன்று கறுப்புக் கண்ணாடிகளும் முப்பது யோசனைகளும் வந்து சேர்ந்தன.

"ரெண்டு கண்ணுக்கு ஆறு தடவையா தம்பி?" என்று கேட்டார் அடுத்த வீட்டுப் பிரகதாம்பாள்.

"இது புது மெசின், அக்கா" என்றார் அண்ணாதுரை. ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று வேண்டியிருந்தது.

முதல் சிகிச்சை நாள் விடிந்தது. நௌஷாத்தின் வாடகைக் கார் வாய்க்கால் பாலத்தைத் தாண்டி உள்ளே வராது. அதைப் பார்த்துவர அண்ணாதுரை பத்து நிமிடம் வெளியே போனார். அந்தப் பத்து நிமிடத்தில் பிரகதாம்பாள் தூக்குவாளியோடு வந்துவிட்டார். அவருடைய கண் ஆபரேஷனுக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார்களாம். வெறும் வயிற்றோடு ஒரு பொம்பளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டியே விட்டார்.

"என்ன சாப்பிட்டீங்க?" என்று நர்ஸ் கேட்டபோது, "பச்சைத்தண்ணிகூட இல்லீங்க" என்றார் அண்ணாதுரை, பெருமையாக.

"மூணு இட்லி" என்றாள் செவ்வந்தி.

அவள் சாப்பிட வேண்டுமென்று ஐந்து மாதமாக அவர் வேண்டாத தெய்வமில்லை. அத்தனை தெய்வங்களும் சேர்ந்து அந்த ஒரு நாளைப் பார்த்து அருள்பாலித்திருந்தன. வயிற்றில் சாப்பாடு இருக்கும்போது மயக்கம் கொடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடலாம் என்று சொல்லி, நாளை மறுநாள் வரச்சொல்லி அனுப்பினார் டாக்டரம்மா.

"நான் அவ்வளவு கெஞ்சினேனே, அந்த அக்கா ஊட்டினதை மட்டும் எப்படித் தின்ன?" என்றார் அண்ணாதுரை காரில்.

"வேணாம்னு சொல்லத் தெம்பில்லங்க."

இன்னும் இரண்டு நாள் அவளைக் கண்ணில் வைத்துக் காக்க வேண்டும். நாளை மறுநாள் இன்னொருத்தி சர்க்கரைப் பொங்கலோடு வரமாட்டாள் என்பது என்ன நிச்சயம்? இறங்கியதும் நேரே பிரகதாம்பாள் வீட்டுக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார்.

"கண்ணுன்னு சொன்னதாலதான தம்பி ஊட்டினேன்" என்றார் பிரகதாம்பாள். "அவ உசுரோட விளையாடிட்டேனே."

அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அண்ணாதுரை தலைகுனிந்து நடக்கத் தயாராகத்தான் இருந்தார். ஊருக்கு அதைப் பார்க்க நேரமில்லை. மேட்டூர்த் தண்ணீர் தங்கள் வாய்க்காலுக்கு எப்போது வரும் என்ற கவலையில் இருந்தது. பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் தேதியை மாற்றவில்லை. கறுப்புக் கண்ணாடி கொடுத்தவர்களில் இரண்டு பேர் மட்டும் அவரைத் தனித்தனியாக ஓரம்கட்டி, அந்த டாக்டரம்மா நம்பர் கிடைக்குமா என்று மெதுவாகக் கேட்டார்கள். யாருக்கு என்று அவர்களும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து செவ்வந்திக்கு முதல் சிகிச்சை நடந்தது. எழுந்தபோது தலை வலித்தது, அன்றைக்கு என்ன கிழமை என்பது மறந்துபோயிருந்தது. இரண்டாவது, மூன்றாவது முறைகளிலும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அண்ணாதுரைக்கு உள்ளுக்குள் நம்பிக்கை ஆட்டம் கண்டது.

நான்காவது தடவை போகும்போது ரயில்வே கேட் அடைத்திருந்தது. கேட்டை ஒட்டிய டீக்கடையில் வடை வெந்துகொண்டிருந்தது. செவ்வந்தி கார்க் கண்ணாடியை இறக்கி, வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்தாள்.

"ஏங்க, பசிக்குது."

நௌஷாத் திரும்பிப் பார்த்தார்.

"இப்பக் கூடாதும்மா. தண்ணிகூடக் கூடாது" என்று சொல்லும்போதே அண்ணாதுரை அழுதுவிட்டார்.

"பசிக்குதுங்கிறவளுக்கு ஒரு வடை வாங்கித் தர வக்கில்ல, அழுகை வேற" என்றாள் செவ்வந்தி, கோபமாக.