தெளிவில்லாத படம்

ஜெகதீஸ்வரி பாயான் லெபாஸில் கம்ப்யூட்டர் சிப் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருடம் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தவள். அரிசியைவிடச் சின்ன சிப்பில் முடியளவு கீறல் இருந்தாலும் பிடித்துவிடுவாள். சந்தேகம் வந்தால் சூப்பர்வைசரே அவளிடம்தான் கொண்டுவருவார். தன் கண்ணைப் பற்றி அவளுக்குக் கர்வமே உண்டு. சர்க்கரை நோய் வந்து ஒன்பது வருடமாகியும் கண் டாக்டரிடம் போகாததற்கு அதுதான் காரணம்.

அவள் குடியிருந்த பாகான் டாலாம் அடுக்குமாடிப் பகுதியின் மண்டபத்துக்கு ஓர் ஆராய்ச்சிக் குழு வந்தது. சர்க்கரை நோயாளிகளின் கண்ணின் உட்புறத்தைக் கேமராவில் படமெடுத்து அனுப்பினால், ஜார்ஜ் டவுனில் இருக்கும் நிபுணர் பார்த்து நோயைச் சொல்லிவிடுவாராம். பக்கத்து பிளாக் ராமதாஸ் அண்ணன்தான் அவளை இழுத்துக்கொண்டு போனார். கேமரா வைத்திருந்த பெண் மூன்று தடவை எடுத்துப் பார்த்தாள்.

"படம் கலங்கலா வருதுக்கா. பரவால்ல, போன்ல சொல்வாங்க."

"எப்ப?"

"ரெண்டு வாரம்லா."

ராமதாஸைப் படமெடுத்தபோதும் அதையே சொன்னாள். இருவருக்கும் போன் வரவில்லை.

"கூப்பிடலன்னா ஒண்ணுமில்லன்னுதானே அர்த்தம்," என்றாள் ஜெகதீஸ்வரி கணவர் சுகுமாரனிடம்.

படமெடுத்த ஏழாவது மாதம், வேலையில் இருக்கும்போது மைக்ராஸ்கோப்பில் கறுப்பு நூல்கள் மிதந்தன. லென்ஸைத் துடைத்தாள். டெக்னீஷியனைக் கூப்பிட்டுத் திட்டினாள். மூன்றே நாளில் வலது கண் முழுக்க இருட்டிவிட்டது. இடது கண்ணில் பாதிப் பார்வைதான் மிஞ்சியது.

"ஆறு மாசம் முன்னால வந்திருந்தா லேசர் வச்சுக் காப்பாத்திருக்கலாம்," என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். தொழிற்சாலை அவளை வீட்டுக்கு அனுப்பியது.

சுகுமாரனோடு ஃபெரி ஏறி ஜார்ஜ் டவுனில் இருந்த ஆராய்ச்சி அலுவலகத்துக்குப் போனாள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குச் சரியாகக் கண்டுபிடித்தோம் என்று சுவரில் ஒட்டியிருந்ததைச் சுகுமாரன் வாசித்துக் காட்டினார். கோகுலன் என்ற இளைஞன் கம்ப்யூட்டரில் அவள் பெயரைத் தேடினான்.

"உங்க படம் தெளிவில்லாத லிஸ்ட்ல இருக்கு ஆண்டி. அதையெல்லாம் டாக்டருக்கு அனுப்ப மாட்டோம். ஸ்டடிலேர்ந்து எடுத்துருவோம்."

"எங்கிட்ட சொல்ல வேணாமா?"

"போன் பண்ணணும். பண்ற ஸ்டாஃப் நடுவுல வேலைய விட்டு நின்னுட்டாங்க."

"ஏன் கலங்கலா வந்துச்சு?"

அவன் தலையைத் தூக்கவில்லை. "உள்ள ரத்தம் கசிஞ்சிருந்தா சில பேருக்கு அப்படி வரும்."

"அப்ப ரொம்பக் கெட்ட கண்ணையெல்லாம் தூக்கிப் போட்டுட்டுத்தான் தொண்ணூத்தஞ்சா?"

கோகுலன் லிஸ்டை மூடப் போனான்.

"எத்தன பேரு?"

"அறுபத்தி மூணு."

"பேரக் குடு. நானே போய்ச் சொல்றேன்."

"முடியாது ஆண்டி. பிரைவசி. மேல கேட்டுச் சொல்றேன்."

ஒரு பெயர் அவளுக்குத் தெரியும். அன்றைக்கே சுகுமாரனின் தோளைப் பிடித்துக்கொண்டு நாலு மாடி ஏறினாள்.

"எனக்கு நல்லாத் தெரியுதே தங்கச்சி," என்றார் ராமதாஸ்.

"எனக்கும் நல்லாத்தான் தெரிஞ்சுச்சு. கெளம்புங்கண்ணே!"

போனார். அந்த வாரமே லேசர் வைத்தார்கள். இரண்டு கண்ணும் தப்பின.

அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் கீழே கடையில் அவர் பேப்பரை விரித்து வாசிப்பதைப் பார்த்தால் நெஞ்செல்லாம் எரிந்தது. தன்னை அங்கே கூட்டிப்போய் நம்ப வைத்தவர் அவர்தானே என்றுகூடத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கப்பட்டாள். பிறகு பல மாதம் அந்த வழியே போகவில்லை.

திங்கள்கிழமைதோறும் கோகுலனுக்குப் போன் போட்டாள். கேட்டுச் சொல்கிறேன் என்பான். ஒரு திங்கள் வேறு யாரோ எடுத்தார்கள்.

"அந்த ப்ராஜெக்ட் முடிஞ்சிருச்சும்மா. ரிப்போர்ட்கூட வந்துருச்சு."

"மீதிப் பேருக்குச் சொல்லிட்டீங்களா?"

"எந்தப் பேரு?" என்றது அந்தக் குரல்.