பச்சை சோப்புப் பெட்டி

என் மச்சினனை இப்போது கம்பெனி கேட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். வண்டி வந்தால் கம்பத்தைத் தூக்க வேண்டும், போனதும் இறக்க வேண்டும். அந்தக் கேட்டுக்குள்ளே இருக்கிற குடோன் முழுவதற்கும் பொறுப்பாளராக இருந்தவன் அவன். திருடினானா, குடித்துவிட்டு வந்தானா என்று சொந்தக்காரர்கள் என்னைக் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. நான் பார்த்ததை ஒரே தடவையில் இங்கே சொல்லிவிடுகிறேன்.

நான் அதே கம்பெனிக்கு லாரி ஓட்டுகிறேன். குழாய், ஷவர், வாஷ்பேசின், பாத்டப் என்று குளியலறைச் சாமான் எல்லாம் மொத்தமாக வாங்கிக் கடைகளுக்கு விற்கிற கம்பெனி. அவனை அங்கே சேர்த்துவிட்டதும் நான்தான். என் பெண்டாட்டிக்கு ஒரே தம்பி. சின்ன வயதிலிருந்தே எது எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. எங்கள் வீட்டுக்கு வந்தால் சும்மா உட்கார மாட்டான். ஸ்விட்ச் போர்டில் எது ஃபேன், எது லைட் என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டுத்தான் போவான்.

"என் தம்பிக்குப் பிறவியிலேயே அந்தக் கிறுக்குங்க" என்பாள் அவள்.

"கிறுக்கு பரவாயில்லை. உன் நெத்தியில ஒரு சீட்டு ஒட்டச் சொல்லு, இன்னிக்குக் கோபமா இல்லையான்னு தெரிஞ்சுக்கிறேன்" என்று நான் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

கம்பெனிக்கு அந்த சாஃப்ட்வேர் வந்தபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கு முன்னால் குடோன் இருந்த லட்சணம் எனக்குத் தெரியும். ஒரு வாஷ்பேசின் வேண்டும் என்றால் லோடுமேன்கள் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். நான் வண்டியில் தூங்கி எழுந்து மறுபடி தூங்குவேன். கடைசியில் ஒருவன் வந்து, "இருக்குண்ணே, ஆனா எங்க இருக்குன்னுதான் தெரியலை" என்பான்.

சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுக்க ஒரு அம்மா வந்திருந்தார். ஏசி அறையில் உட்கார்ந்துவிட்டுப் போகிற ஆள் இல்லை. குடோனில் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து, எந்தச் சாமானை எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்று லோடுமேன்களிடம் கேட்டுக் கேட்டு ஏற்றினார். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நம்பர். நம்பரைத் தட்டினால் எந்த வரிசை, எந்தத் தட்டு, எத்தனை இருக்கிறது என்று திரையில் வந்துவிடும். எது வேகமாக விற்கிறதோ அதற்கு அதுவே ஆர்டர் தயார் பண்ணி வைக்கும், மேனேஜர் பார்த்து ஒரு பட்டனை அமுக்கினால் போதும். கிளம்புகிற அன்றைக்கு அந்த அம்மா என் மச்சினனிடம், "புதுசா ஒரு பொருள் வந்தா அன்னிக்கே அதுக்கு நம்பர் திறந்துடுங்க சார். நாளைக்குன்னு வச்சீங்கன்னா நடக்கவே நடக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொஞ்ச காலம் சொர்க்கம்தான். நான் வண்டியைப் பின்பக்கமாகத் தள்ளி நிறுத்துவதற்குள் சரக்கு வாசலில் நிற்கும். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே போய் வந்தேன். எனக்குக் கம்ப்யூட்டர் மேல் எந்தப் பகையும் கிடையாது. நன்றாக இருந்த ஒன்றை இவர்கள் பாழாக்கிய விதத்தில்தான் எனக்கு வயிறு எரிகிறது.

முதலில் அந்த அம்மாவை நிறுத்தினார்கள். வருஷா வருஷம் வந்து பார்த்து, மாற்ற வேண்டியதை மாற்றிக் கொடுக்க அவருக்கு ஒரு ஒப்பந்தம் இருந்தது. புதிதாக வந்த மேனேஜர், "நல்லாத்தானே ஓடுது? அப்புறம் எதுக்கு அந்தம்மாவுக்குத் தண்டம் அழணும்?" என்று வெட்டிவிட்டார். நல்லா ஓடுகிறது என்று நான் லாரிக்கு ஆயில் மாற்றாமல் விட்டால் இந்த மனுஷன் சும்மா விடுவாரா?

அடுத்து, புது நம்பர் திறக்கிற அதிகாரம் ஹெட் ஆபீஸுக்குப் போனது. இங்கிருந்து கேட்டு அனுப்ப வேண்டும், அங்கே ஒருத்தர் பார்க்க வேண்டும். அந்த ஒருத்தர் எப்போதும் லீவில் இருந்தார், இல்லையென்றால் மீட்டிங்கில் இருந்தார்.

அப்புறம் இந்தக் கட்டங்கள். பில் போடுகிற திரையில் மேனேஜர் அவர் பங்குக்குக் கட்டம் கட்டமாகச் சேர்த்துக்கொண்டே போனார். வாடிக்கையாளர் பிறந்த தேதி வேண்டுமாம். அதை நிரப்பாமல் பில் நகராது. குழாய் வாங்க வந்த பிளம்பரிடம் போய்ப் பிறந்த தேதி கேட்டால் சிரிப்பானா மாட்டானா? பில் போடுகிற அக்கா எல்லாருக்கும் ஜனவரி ஒன்று என்று தட்டிவிட்டார். அந்த ஜனவரி ஒன்றாம் தேதி எங்கள் வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் பிறந்தநாள் வாழ்த்து போனது. ஒரு கடைக்காரர் போன் செய்து, "நானும் என் சம்பந்தியும் ரெட்டைப் பிள்ளைங்களா? இது எங்க வீட்டுக்காரிக்குத் தெரியுமா?" என்று கேட்டாராம்.

இதற்கெல்லாம் நடுவில்தான் சோப்புப் பெட்டி வந்தது.

கையை நீட்டினால் தானாகத் தண்ணீர் வருகிற குழாய் முதல் லோடு வந்த நாள். அதற்கு நம்பர் கேட்டு அனுப்பி, பதில் வரவில்லை. கட்டட காண்டிராக்டர் வாசலில் நின்று கத்துகிறார். "ஏதாவது ஒரு பழைய நம்பர்ல ஏத்திட்டு ஆளை அனுப்புங்கப்பா, அப்புறம் மாத்திக்கலாம்" என்று மேனேஜர் மாடியிலிருந்து போனில் சொன்னார். எந்த நம்பர் என்று என் மச்சினன் நிதானமாகத்தான் யோசித்தான். சுவரில் பதிக்கிற பச்சை பிளாஸ்டிக் சோப்புப் பெட்டி என்று ஒன்று இருந்தது. யாரும் வாங்குவதில்லை, குடோனில் ஒன்றுகூட இல்லை. அந்த நம்பரில் போட்டால் வேறெதனோடும் குழம்பாது, புது நம்பர் வந்ததும் பிரித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டான். கணக்கில் தப்பில்லை. நம்பர்தான் வரவில்லை.

அடுத்து ஒரு புது மாடல் ஷவர் வந்தது. அதற்கும் நம்பர் இல்லை. "குழாய் போன இடத்துலயே போட்டுடுங்க" என்றார் பில் அக்கா. அப்புறம் கண்ணாடி, அப்புறம் ஹீட்டர். சோப்புப் பெட்டி வயிற்றுக்குள் பாதிக் குடோன் போய்விட்டது. ஒரு நாள் பாத்டப்பை வண்டியில் ஏற்றிவிட்டு பில்லைப் பார்க்கிறேன். 'பச்சை சோப்புப் பெட்டி, ஒன்று' என்று இருக்கிறது.

"அக்கா, வழியில போலீஸ் மறிச்சா நான் என்ன சொல்றது? யானைக்கு சோப்புப் பெட்டின்னா?"

"பில்லை யாருண்ணே படிக்கிறாங்க? நீங்கதான் வேலையத்துப்போய்ப் படிக்கிறீங்க" என்றார் அவர்.

மறுபடியும் டார்ச் வெளியே வந்தது. திரையைப் பார்த்தால் எல்லாம் சோப்புப் பெட்டி, தட்டைப் பார்த்தால் எல்லாம் வேறு. எது எங்கே என்று லோடுமேன்கள் மனப்பாடமாக வைத்துக்கொண்டார்கள். ஒருத்தன் லீவு போட்டால் அந்த வரிசையே லீவு. என் மச்சினன் மாடிக்கு ஏறி ஏறி மேனேஜரிடம் கெஞ்சினான். பிரித்துவிடலாம் சார், நம்பர் மட்டும் வாங்கிக் கொடுங்கள் என்று. அவர் "பார்க்கலாம்" என்றார். அவருடைய 'பார்க்கலாம்' எங்கள் எல்லாருக்கும் பழக்கம். பார்க்க மாட்டார்.

பிறகு ஒரு நாள் தொழிற்சாலையிலிருந்து ஒரு முழு லோடு ஏற்றி வரச் சொன்னார்கள். பெட்டி பெட்டியாக ஏறியது, ஆனால் வண்டி பாரமே தெரியவில்லை. ஏற்றிவிட்ட ஆள் என்னைப் பார்த்துச் சிரித்தான். "உங்க பக்கம் ஆளுங்க ரொம்ப சுத்தம் போல. இவ்வளவு சோப்பு போடுறாங்களா?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. குடோனில் வந்து முதல் பெட்டியைப் பிரித்த பிறகுதான் புரிந்தது. பச்சை சோப்புப் பெட்டி. அடுத்த பெட்டியிலும் அதுதான். லாரி முழுக்க அதுதான்.

சாஃப்ட்வேர் அது வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. கம்பெனியிலேயே வேகமாக விற்கிற பொருள் சோப்புப் பெட்டி, இருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும், உடனே வாங்கு என்று ஆர்டர் தயார் செய்து நீட்டியது. மேனேஜர் வழக்கம்போலப் பார்க்காமலே பட்டனை அமுக்கினார்.

என் மச்சினன் ஒரு சோப்புப் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மாமா, நான் இதை இப்பத்தான் முதல் தடவையா நேர்ல பார்க்கிறேன்" என்றான். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. லோடுமேன்கள் சிரித்தார்கள்.

பெரிய முதலாளியே வந்துவிட்டார். குடோன் வாசலில் எல்லாரையும் நிற்க வைத்துக் கேட்டார். மேனேஜர் முந்திக்கொண்டு, "சாஃப்ட்வேர் காலாவதி ஆயிடுச்சு சார். புதுசு வாங்கிடலாம்" என்றார். காலாவதி ஆவதற்கு அது என்ன பால் பாக்கெட்டா? என் மச்சினன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மாட்டானே. "முதல் தடவை அதுல போட்டது நான்தான் சார். ஆனா நம்பர் வந்திருந்தா போட்டிருக்க மாட்டேன். புதுசு வாங்கினாலும் நம்பர் வராட்டி இதேதான் ஆகும்" என்றான்.

முதலாளிக்கு முதல் வரி மட்டும்தான் காதில் விழுந்தது. "இனிமே ஒரு பொருள் தப்பான இடத்துல ஏறிச்சுன்னா அந்த நாற்காலியில நீ இருக்க மாட்டே" என்றார்.

புது சாஃப்ட்வேர் வந்தது. திரை கண்ணைப் பறிக்கிற அழகு. இந்தத் தடவை யாரும் குடோனில் உட்கார்ந்து கேட்கவில்லை. டை கட்டிய மூன்று ஆசாமிகள் மாடியிலேயே இருந்தபடி, பழையதில் கிடந்த குப்பையை அப்படியே அள்ளிப் புதியதில் கொட்டிவிட்டுப் போனார்கள். ஜனவரி ஒன்று பிறந்தநாளும் வந்தது, சோப்புப் பெட்டியும் கூடவே குடிவந்தது. முதலாளி வந்து போன சூட்டில் பழைய பொருள்களுக்கு மட்டும் நம்பர் கிடைத்திருந்தது. என் மச்சினன் வாரக்கணக்கில் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தான். எங்கள் வீட்டுக்கு வருவதைக்கூட விட்டுவிட்டான்.

அவன் பிரித்து முடித்த சமயத்தில்தான் நான் ஒரு லோடு கொண்டு வந்தேன். கறுப்பு வாஷ்பேசின், புது மாடல். நம்பர் இல்லை. அவன் குடோன் ஷட்டரை இழுத்து மூடிவிட்டு, வாசலில் இருக்கிற கம்ப்யூட்டர் மேஜையில் போய் உட்கார்ந்துவிட்டான்.

"நம்பர் வந்ததும் இறக்கலாம் மாமா."

வெயில் மண்டையைப் பிளக்கிறது. எனக்கு இன்னொரு நடை பாக்கி. பின்னால் இரண்டு வண்டி ஹாரன் அடிக்கிறது. நான் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. "டேய் மாப்ள, ஏதாவது ஒண்ணுல போட்டுத் தொலைடா!"

அவன் திரும்பினான். கோபப்படவில்லை. "எதுல போடட்டும் மாமா? நீங்களே சொல்லுங்க. சோப்புப் பெட்டியிலயா?"

நான் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மேனேஜர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். "கஸ்டமர் காத்திருக்காங்க. இன்னிக்கு ஒரு நாள் அனுசரிச்சுப் போங்க."

"நீங்க உட்கார்ந்து உங்க பாஸ்வேர்டுல போடுங்க சார். நான் எந்திரிச்சுக்கிறேன்" என்று என் மச்சினன் நிஜமாகவே எழுந்து நாற்காலியைத் துடைத்துவிட்டான். மேனேஜர் நாற்காலியைப் பார்த்தார், என் வண்டியைப் பார்த்தார், உட்காரவில்லை. போனை எடுத்து ஹெட் ஆபீஸைக் கூப்பிட்டார். நான் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் நம்பர் வந்துவிட்டது.

ஒரே ஒரு போன்! இத்தனை வருஷம் வராத நம்பர், லீவில் இருந்தவர், மீட்டிங்கில் இருந்தவர், எல்லாம் ஒரு போனில் முடிகிற காரியம். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஸ்டியரிங்கைப் பிடுங்கி எறியலாம் போல் இருக்கிறது.

அந்த மாதக் கடைசியிலேயே அவனைக் கேட்டுக்கு மாற்றினார்கள். தப்பான இடத்தில் அவன் எதையும் ஏற்றவில்லை. அதனால் வேறு காரணம் எழுதினார்கள்: வேலையில் தாமதம், அனுசரித்துப் போகத் தெரியாதவர். அவன் நாற்காலியில் இப்போது ஒரு வேகமான ஆள். என் வண்டி சடசடவென்று காலியாகிறது. புதுப் பொருள் எல்லாம் 'மற்றவை' என்று ஒரு நம்பரில் ஏறுகிறது. அந்த நம்பரை மட்டும் ஹெட் ஆபீஸ் கேட்ட அன்றைக்கே திறந்து கொடுத்தது.

"நீங்களாவது மேனேஜர்கிட்டப் பேசக் கூடாதா?" என்று கேட்டதிலிருந்து என் பெண்டாட்டி என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. லாரி டிரைவர் பேசி எந்தக் கம்பெனி திருந்தியிருக்கிறது?

நேற்று லோடோடு போனேன். கம்பம் எழும்பவில்லை. அவன் கூண்டுக்குள்ளிருந்து கையில் ஒரு சின்னத் திரையோடு வெளியே வந்தான். கேட்டுக்கும் கம்ப்யூட்டர் கொடுத்திருக்கிறார்கள்.

"என்ன சரக்கு மாமா?"

"சாமான்தான்டா. தினம் வர்றதுதான்."

"சாமான்னா என்ன சாமான்?"

"பெட்டி! எனக்கென்ன தெரியும்? முன்னாடி இருந்த ஆளு எல்லா வண்டிக்கும் 'சரக்கு'ன்னு போட்டு அனுப்புவான். நீயும் அப்படியே போடு."

"பார்த்துட்டுப் போட்டுக்கிறேன். தார்ப்பாயை அவுங்க."

பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. மாடி ஜன்னல் ஒன்று திறந்தது. கேட்டை விட்டால் அவனை அனுப்ப வேறு இடம் இல்லை, வெளியேதான். அது அவனுக்கும் தெரியும். கம்பத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றான். நான் அவனைத் திட்டிக்கொண்டே இறங்கிப் போய்க் கயிற்று முடிச்சை அவிழ்த்தேன்.